பால் டம்ளரும் எலெனாவின் சுவிட்சும்

தம்பி இறந்து கிடக்கிறான். மாடியில், அவன் அறையில், அவன் கட்டிலில். 'தி வாம்பயர் டைரீஸ்' என்ற காட்டேரித் தொடரின் நாயகி எலெனா, அவன் எழுந்துவிடுவான் என்று சாதிக்கிறாள். விரலில் அந்தக் குடும்ப மோதிரம் இருக்கிறதே, காட்டேரியோ சூனியக்காரியோ கொன்றால் உயிரைத் திருப்பித் தந்துவிடுமே, இதற்கு முன்னும் செத்துப் பிழைத்து வந்தவன்தானே. அவனே மாய சக்தி கொண்ட காட்டேரி வேட்டைக்காரனாக மாறிவிட்டதால் இந்த முறை மோதிரம் வேலை செய்யாது என்று சுற்றி நிற்பவர்களுக்கு எல்லாம் தெரியும். அதை அவளிடம் எப்படிச் சொல்வது என்று ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கிறார்கள். சாவு வீட்டில் எல்லோரும் செய்வதுதான்.

கடைசியில் அவளுக்கே புரிந்துவிடுகிறது. புரிந்த பிறகு அவள் அழவில்லை, வேலை பார்க்கக் கிளம்புகிறாள். ஊருக்கு ஏதாவது காரணம் சொல்ல வேண்டும், வீடு தீப்பிடித்ததில் தம்பி போய்விட்டான் என்று சொல்லிவிடலாம். எரிபொருளை எடுத்து வீடு முழுக்க ஊற்றிக்கொண்டே போகிறாள். யாராவது தடுத்தால் கோபம் வருகிறது. அப்படியே ஊற்றிக்கொண்டு இருந்தவள் ஒரு இடத்தில் மடிந்து விழுந்து அழ ஆரம்பிக்கிறாள். அந்த அழுகையைப் பார்க்க முடியவில்லை. அவளைக் காதலிக்கும் காட்டேரி ஸ்டெஃபானாலும் முடியவில்லை. அவளைக் காதலிக்கும் இன்னொரு காட்டேரியான தன் அண்ணன் டேமனைப் பார்த்து இவளுக்கு ஏதாவது செய் என்கிறான். டேமன் அவள் முகத்தைக் கையில் ஏந்தி, எல்லாவற்றையும் அணைத்துவிடு என்கிறான். உணர்ச்சியை. சுவிட்சை அணைப்பதுபோல. இந்தக் கதையில் காட்டேரிகளால் அது முடியும், எலெனாவும் அப்போது காட்டேரி.

அவள் அணைத்துவிடுகிறாள். அழுகை நடுவழியில் நிற்கிறது. எலெனாவாக நடித்த நினா டோப்ரெவின் முகத்தில் அந்த ஒரு நொடியில் நடப்பதை நான் பலமுறை ரீவைண்ட் செய்து பார்த்திருக்கிறேன். கண்ணீர் கன்னத்தில் அப்படியே இருக்கிறது, அழுத ஆள் மட்டும் அங்கே இல்லை. எழுந்து, தீக்குச்சியைக் கிழித்து, தான் வளர்ந்த வீட்டைத் தம்பியோடு சேர்த்துக் கொளுத்திவிட்டு வெளியே போகிறாள்.

'தி வாம்பயர் டைரீஸ்' நான்காம் சீசனின் பதினைந்தாம் எபிசோடு அது. 2013 பிப்ரவரியில் வந்தது. முதல் தடவை ஹாஸ்டலில், பென்டிரைவில் கைமாறி வந்த கோப்பில், ஆறு பேர் ஒரு லேப்டாப்பைச் சுற்றி உட்கார்ந்து பார்த்தோம். அப்போது எங்களுக்கு இருந்த ஒரே கேள்வி அவள் ஸ்டெஃபானோடு சேர வேண்டுமா, டேமனோடு சேர வேண்டுமா என்பதுதான். நான் டேமன் கட்சி. அந்தக் காட்சியில், "பாருடி, அவன்தான் அவளுக்கு நிம்மதி கொடுத்தான்" என்று நான் சொன்னதாக ஒரு தோழி இன்றுவரை கிண்டல் செய்கிறாள். சொல்லியிருப்பேன்.

இரண்டாம் தடவை பார்த்தது அம்மா போய் நாலு மாதம் கழித்து. தூக்கம் வராத இரவுகளுக்கு, ஏற்கெனவே பார்த்த தொடர்தானே, அதிர்ச்சி ஒன்றும் இருக்காது என்று போட்டேன். அந்தக் காட்சி வந்ததும் லேப்டாப்பை மூடிவிட்டேன். பால் வாசனை வந்தது. நிஜமாகவே வந்தது.

அம்மாவை ஐஸ் பெட்டியில் வைத்திருந்த அன்றிரவு நான் நிறுத்தாமல் அழுதுகொண்டிருந்தேனாம். எனக்குச் சரியாக நினைவில்லை. விடியற்காலை மூன்று மணி இருக்கும், சித்தி ஒரு டம்ளர் பால் கொண்டுவந்து, "ரெண்டு வாய் குடிம்மா, காலைலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல" என்று கையில் கொடுத்தார். குடித்தேன். கொஞ்சம் கசந்தது. சுண்டக் காய்ச்சியதில் அடிப்பிடித்திருக்கும் என்று நினைத்தேன். அப்புறம் என்னை எழுப்பியபோது நன்றாக வெயில் வந்திருந்தது, பறை அடித்துக்கொண்டிருந்தார்கள், எடுக்கப் போகிறார்கள். எழுந்து நின்றேன். வாய்க்கரிசி போட்டேன். அம்மா நெற்றியில் குங்குமம் கொஞ்சம் கலைந்திருந்ததைப் பார்த்தேன், அதைச் சரிசெய்ய வேண்டும் என்று தோன்றியது, செய்யவில்லை. அழுகை வரவில்லை. "பொண்ணு கல்லாட்டம் நிக்குது பாரு" என்று யாரோ பின்னால் சொன்னார்கள். தைரியமான பெண் என்று சிலர் பாராட்டினார்கள். பாலில் தூக்க மாத்திரையைப் பொடித்துக் கலந்தது பதினாறாம் நாள்தான் பேச்சுவாக்கில் தெரியவந்தது. சித்தி அதை மறைக்கக்கூட இல்லை. "நீ அழுத அழுகைல உனக்கு ஏதாவது ஆயிடும்னு பயந்துட்டோம்" என்றார். அவர் முகத்தைப் பார்த்தால் கோபப்பட முடியவில்லை. இன்றைக்கும் முடியவில்லை. ஆனால் அந்தக் குங்குமம் கலைந்தேதான் போனது.

அதற்குப் பிறகுதான் எலெனாவை ஒழுங்காகப் பார்க்க ஆரம்பித்தேன். இரண்டு அண்ணன் தம்பிக்கு நடுவில் ஊசலாடும் பெண் என்று அவளை நாங்கள் வைத்திருந்தோம். தொடரின் விளம்பரங்களும் அப்படித்தான் வைத்திருந்தன. 2009 செப்டம்பர் 10 தொடங்கி 2017 மார்ச் 10 வரை 171 எபிசோடு. அதில் ஆறு சீசன் முழுக்க இருந்துவிட்டு, கடைசி எபிசோடுக்குத் திரும்பி வந்த நாயகி. இரண்டாம் முறை பார்த்தபோது எனக்குத் தெரிந்த கதை வேறு. துக்கத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தானே முடிவெடுக்க ஒரு தடவைகூட விடப்படாத பெண்ணின் கதை. அவளை விடாதவர்கள் எல்லோரும் அவள்மேல் உயிரையே வைத்திருப்பவர்கள்.

முதல் எபிசோடிலேயே அது இருக்கிறது. வர்ஜீனியாவில் மிஸ்டிக் ஃபால்ஸ் என்றொரு கற்பனை ஊர். (படமெடுத்தது பெரும்பாலும் ஜார்ஜியாவின் கோவிங்டனில். அந்தக் கடிகாரக் கோபுரத்துக்காக மட்டுமே அங்கே போக வேண்டும் என்று ஒரு காலத்தில் பணம் சேர்த்தேன்.) பெற்றோர் இறந்து நாலு மாதம், பள்ளி திறக்கும் நாள். எலெனா டைரியில் எழுதுகிறாள்: இன்று சிரிப்பேன், நம்பும்படியாகச் சிரிப்பேன், நன்றாக இருக்கிறேன் என்று சொல்வேன். பள்ளி முழுக்க அதையேதான் சொல்லிக்கொண்டு போகிறாள். விட்டதும் நேராகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போய் அப்பா அம்மா பக்கத்தில் உட்கார்ந்து மறுபடி டைரியைத் திறக்கிறாள். துக்கம் விசாரிப்பவர்களுக்கு வசதியாக நம் முகத்தை வைத்துக்கொள்வது எவ்வளவு பெரிய வேலை என்று தெரிந்தவர் யாரோ எழுதிய காட்சி அது.

அவளுக்குக் குற்ற உணர்ச்சி எங்கிருந்து வருகிறது என்பதையும் சீக்கிரமே சொல்லிவிடுகிறார்கள். வீட்டில் எல்லோரும் சேர்ந்திருக்க வேண்டிய இரவில் அவள் ஒரு பார்ட்டிக்குப் போய்விடுகிறாள். திரும்பி வர வழியில்லாமல் மாட்டிக்கொண்டு போன் செய்கிறாள். அப்பாவும் அம்மாவும் கூட்டிப்போக வருகிறார்கள். திரும்பும்போது கார் விக்கரி பாலத்திலிருந்து தண்ணீருக்குள் பாய்கிறது. நான் போன் செய்ததால்தான் அவர்கள் காரில் இருந்தார்கள். இந்தக் கணக்கை அவள் கடைசிவரை போட்டுக்கொண்டே இருக்கிறாள். யார் வந்து இல்லை என்றாலும் விடை மாறுவதில்லை.

என் கணக்கு இது. முந்தின நாள் இரவு ஒன்பதரைக்கு அம்மா பேசினார். மார்பு கொஞ்சம் பிடித்தாற்போல இருக்கிறது, இடது தோளும் வலிக்கிறது, சாயங்காலம் சாப்பிட்ட போண்டா செரிக்கவில்லை போல என்றார். எனக்கு மறுநாள் காலை ஆபீசில் ஒரு பிரசன்டேஷன். "ஓமத்தண்ணி குடிச்சிட்டுப் படும்மா, காலைல பேசுறேன்" என்றேன். குடித்திருக்கிறார். டம்ளர் அடுப்பங்கரை மேடையில் கவிழ்த்து வைத்திருந்தது.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் "அதெல்லாம் இல்லம்மா, நேரம் வந்துடுச்சு" என்பார்கள். எலெனாவிடமும் அப்படித்தான் சொல்கிறார்கள். அது ஆறுதலாகவே இல்லை, யாரோ வந்து நம் கையிலிருக்கும் பொருளைப் பிடுங்குவதுபோல இருக்கிறது. அவள் அந்தக் குற்ற உணர்ச்சியை அவ்வளவு சுலபமாக யாருக்கும் கொடுப்பதில்லை. அதுதான் அவளை எனக்கு நெருக்கமாக்கியது. அந்த இரவோடு அவளுக்கு இருக்கும் ஒரே தொடர்பு அதுதான். அதையும் விட்டுவிட்டால் அப்பா அம்மா வெறும் விபத்தில் செத்தவர்கள் ஆகிவிடுவார்கள்.

விபத்து நடந்த இரவில் இன்னொன்றும் நடந்தது. தண்ணீருக்குள் ஸ்டெஃபான் காரை எட்டியபோது அப்பாவுக்கு இன்னும் நினைவு இருந்தது. என்னை விடு, முதலில் இவளை எடு என்று காட்டினார். ஸ்டெஃபான் அவளைக் கரை சேர்த்துவிட்டுத் திரும்புவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஆக அவள் பிழைத்திருப்பதே இன்னொருத்தர் எடுத்த முடிவு. அவள் மயக்கத்தில் இருந்தபோது, அவளைக் கேட்காமல், அவளுக்காக.

சரி, பாவம் எலெனா என்று சொல்லிக்கொண்டே போகலாம். ஆனால் அவளும் லேசுப்பட்டவள் இல்லை. முதல் சீசனில் ஹாலோவீன் எபிசோடில், தம்பி ஜெரமி காதலித்த விக்கி அவன் கண்ணெதிரே சாகிறாள். அவள் காட்டேரியாகிவிட்டதும், அவளைக் கொன்றது ஸ்டெஃபான் என்பதும், எதுவுமே பையனுக்குப் புரியவில்லை. உடைந்துபோய் உட்கார்ந்திருக்கிறான். எலெனா என்ன செய்கிறாள்? அவன் நினைவிலிருந்து அதை எடுத்துவிடச் சொல்கிறாள். இந்தத் தொடரில் காட்டேரிகளுக்கு வசியம் செய்யத் தெரியும். கண்ணைப் பார்த்துச் சொன்னால் மனிதர்கள் அதை நம்பிவிடுவார்கள். டேமன் வீட்டுக்குள்ளே போய், விக்கி ஊரைவிட்டுப் போய்விட்டாள், இனி வரமாட்டாள், தேடாதே என்று அவன் மூளையில் எழுதிவிட்டு வருகிறான். எலெனா வெளியே திண்ணைபோல இருக்கும் அந்த வாசலில் ஸ்டெஃபானோடு உட்கார்ந்திருக்கிறாள். முடிந்துவிட்டது என்று டேமன் சொல்லிவிட்டுப் போகிறான்.

நல்லெண்ணத்தில்தான். பெற்றோர் போனதிலிருந்தே அந்தப் பையன் போதையும் சண்டையுமாக இருக்கிறான், இதை எப்படித் தாங்குவான்? அப்புறம் ஒருநாள் அவள் டைரியைப் படித்துத்தான் அவனுக்கு விஷயம் தெரிகிறது. அவளைத் தன் துக்கத்தோடு இருக்கவிட்ட ஒரே பொருள் அந்த டைரி. அதுவே அவளைக் காட்டிக்கொடுக்கிறது. அவன் கோபம் சுலபத்தில் ஆறவில்லை. அவள் திருந்தினாளா என்றால் அதுவும் இல்லை. மூன்றாம் சீசனில் மறுபடி அதே வசியம், அவனை டென்வருக்கு அனுப்பிவைக்க. அவன் பாதுகாப்புக்காக.

இதை எழுதும்போது எனக்குக் கை கூசுகிறது. ஏனென்றால் பாட்டியிடம் அம்மா இறந்ததைச் சொல்ல வேண்டாம் என்று வீட்டில் முடிவானபோது நானும் தலையாட்டினேன். எண்பத்தெட்டு வயது, ஊரில் மாமா வீட்டில் இருந்தார், தாங்கமாட்டார் என்றார்கள். அம்மா வேலை விஷயமாக டெல்லி போயிருப்பதாகப் பாட்டியிடம் போனில் சொன்னது நான்தான். என் குரல் அம்மா குரல் மாதிரியே இருக்கும். பாட்டி ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும், "உங்கம்மா போன் போட்டாளா, அங்க குளிருமே, ஸ்வெட்டர் இருக்கா" என்று கேட்பார். இருக்கிறது பாட்டி என்பேன். எட்டு மாதம். அப்புறம் ஒரு ஞாயிறு கேட்கவில்லை. அடுத்த ஞாயிறும் கேட்கவில்லை. யார் சொன்னது என்று இன்றுவரை யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. யாருமே சொல்லாமலும் இருந்திருக்கலாம். எட்டு மாதமும் மகளுக்காக அழ உரிமை இல்லாமல் அந்தக் கிழவி ஸ்வெட்டரைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தாரா, அதுவும் எங்களுக்காகவா என்று நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது.

அதே வாசல் காட்சியில் எலெனா ஸ்டெஃபானிடம் சொல்வது ஒன்று உண்டு. எனக்கும் மறந்துபோனால் தேவலை என்று ஒரு பக்கம் தோன்றுகிறது, உன்னைச் சந்தித்ததைக்கூட, ஆனால் உன்மேல் இருக்கும் உணர்வை இழக்க முடியாது என்கிற மாதிரி. தம்பிக்கு மறதி, தனக்கு நினைவு. நான் தாங்குவேன், அவன் தாங்கமாட்டான். நாம் அன்பு வைத்திருப்பவர்களை எவ்வளவு மட்டமாக எடைபோடுகிறோம்!

இரண்டாம் சீசனின் கடைசியில் ஒரு மலையேற்றம் வருகிறது. அன்றிரவு ஒரு சடங்கில் எலெனா பலியாகப் போகிறாள். அவள் சம்மதித்துத்தான், ஒரு திட்டத்தோடுதான். ஆனால் திட்டம் தோற்றால் என்ன செய்வது என்று பயந்த டேமன், அவளைப் பிடித்துவைத்துத் தன் ரத்தத்தை வலுக்கட்டாயமாக வாயில் புகட்டிவிடுகிறான். அந்த ரத்தம் உடம்பில் இருக்கும்போது செத்தால் காட்டேரியாக எழுவாள். சாவதைவிட அது மேல் இல்லையா? அவளைக் கேட்டால்தானே தெரியும்! அதன்பிறகு ஸ்டெஃபான் அவளை ஒரு அருவிக்குக் கூட்டிப்போகிறான். உச்சிக்கு ஏறியதும்தான் அவளுக்கு அழுகை வெடிக்கிறது. பதினேழு வயது, குழந்தை வேண்டுமா வேண்டாமா என்றெல்லாம் யோசிக்க இன்னும் எத்தனையோ வருஷம் இருந்தது, இப்போது அந்த யோசனையே பறிபோய்விட்டது, எனக்குக் காட்டேரியாக வேண்டாம் என்கிறாள். ஆறு சீசனிலும் அவள் பேசிய ஆக நேர்மையான பேச்சு அதுதான் என்பேன். அவள் பயந்தது சாவுக்கு இல்லை. தானாக வயதாகும் உரிமை போய்விடுமே என்றுதான்.

அடுத்த எபிசோடில் சித்தி ஜென்னா சாகிறாள். (அவள் எலெனாவின் அம்மாவுக்குத் தங்கை, படிப்புக்கு நடுவிலேயே இவர்களை வளர்க்க வந்தவள். வளர்க்கத் தெரியாது என்று அவளே ஒப்புக்கொள்வாள். தொடரில் எனக்கு ஆகப் பிடித்த பெரியவர் அவள்தான்.) சடங்குக்காக அவளையும் காட்டேரியாக்கிவிட்டார்கள். கட்டை நெஞ்சில் இறங்கப்போகிற நேரத்தில் எலெனா அவளிடம், என்னைப் பார், உணர்ச்சியை அணைத்துவிடு, பயம் போய்விடும் என்கிறாள். மூன்றாவது முறை பார்க்கும்போதுதான் இதைக் கவனித்தேன். இரண்டு வருஷம் கழித்து டேமன் அவளிடம் சொல்லப்போவதை அவள் ஏற்கெனவே சொல்லிவிட்டாள். எங்கள் சித்தி கையில் டம்ளரோடு வந்து நின்றதும் இதே அன்போடுதான்.

இந்த வரிசையில் ஒரே ஒரு இடம் வேறு மாதிரி. மூன்றாம் சீசனின் கடைசி எபிசோடு, 2012 மே 10. எலெனாவை ஊரைவிட்டு அப்புறப்படுத்துவது என்று தம்பியும் பழைய காதலன் மாட்டும் முடிவெடுத்து (அவளைக் கேட்காமல் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?) மாட் அவளைத் தன் வண்டியில் கூட்டிப்போகிறான். ரெபெக்கா என்ற காட்டேரி வழியில் வந்து நிற்கிறாள். அதே விக்கரி பாலம். வண்டி தண்ணீருக்குள் போகிறது. ஸ்டெஃபான் மறுபடி கண்ணாடிக்கு வெளியே வந்து நிற்கிறான். எலெனா தலையை ஆட்டி, மாட்டைக் காட்டுகிறாள். முதலில் அவனை எடு.

அப்பா காட்டிய அதே சைகை. அப்பா செய்ததை அவள் செய்கிறாள், அதே தண்ணீரில். ஸ்டெஃபான் ஒரு கணம் தயங்குகிறான், பிறகு அவள் சொன்னபடி மாட்டை எடுத்துக்கொண்டு மேலே போகிறான். யாராவது அவள் சொன்னதைச் சொன்னபடி கேட்டார்கள் என்றால் அது அங்கேதான். அவள் செத்துப்போகிறாள். ஹாஸ்டலில் அந்த எபிசோடு பார்த்த இரவு, "முட்டாள், ரெண்டு பேரையும் தூக்க வேண்டியதுதானே" என்று ஸ்டெஃபானைத் திட்டித் தீர்த்தோம். இப்போது எனக்கு அவன்மேல் மரியாதை. நேசிக்கிற ஒருத்தி சாகிறேன் என்று சொல்லும்போது, அது உன் முடிவு என்று விட்டுப்போவது எவ்வளவு பயங்கரம். என்னால் முடியாது என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

ஆனால் அதையும் அவளிடமிருந்து பிடுங்கிவிட்டார்கள். அன்று அவளுக்கு மூளையில் ரத்தக்கசிவு இருந்ததாம். டாக்டர் மெரிடித் யாரிடமும் சொல்லாமல் டேமனின் ரத்தத்தைக் கொடுத்து அதைக் குணப்படுத்தியிருக்கிறார். அதனால் சவக்கிடங்கில் காட்டேரியாகக் கண் விழிக்கிறாள். அருவி உச்சியில் எதை வேண்டாம் என்று அழுதாளோ அதுவே.

காட்டேரியானதும் பழைய வசியங்கள் கலைகின்றன. டேமன் ஒருமுறை காதலைச் சொல்லிவிட்டு மறக்கச் செய்தது நினைவுக்கு வருகிறது. பெற்றோர் இறந்த அதே இரவில் அவனைத்தான் முதலில் சாலையில் சந்தித்தாள் என்பதும் நினைவுக்கு வருகிறது. அதையும் அவன் அன்றே அழித்திருந்தான். தன் வாழ்க்கையின் மோசமான இரவு என்று அவள் மனப்பாடமாக வைத்திருந்த இரவிலேயே ஒரு பக்கம் கிழிக்கப்பட்டிருந்தது. ரசிகர்கள் இதைக் காதல் காட்சியாகக் கொண்டாடினார்கள். எனக்கு இப்போது பார்த்தால் ஆத்திரமாக வருகிறது.

அப்புறம் அந்தப் பந்தம். எவன் ரத்தத்தால் காட்டேரியானாளோ அவன் சொல்வதை மனம் தானாகக் கேட்கும். டேமன் அணைத்துவிடு என்றபோது அவள் அணைத்தது அவளாகவா, பந்தத்தாலா? தொடர் இதைத் தெளிவாக வைத்திருக்கிறது: பந்தம்தான். பாலைக் குடித்தது நான்தான், என் கையால்தான். அதைச் சம்மதம் என்று சொல்ல முடியுமா?

அணைத்த பிறகு வரும் எபிசோடுகளை வேகமாகக் கடந்துவிடலாம். முடியை வெட்டிக்கொள்கிறாள், சிவப்பு இழை தீட்டிக்கொள்கிறாள், நன்றாக உடுத்துகிறாள், ஊரே பயப்படுகிறது. பொழுதுபோக்கு. ஆனால் ஒரு சிற்றுண்டி விடுதியில் பரிமாறும் பெண்ணை, தன்னை விட்டுவிடச் சொல்லி மற்றவர்களுக்கு ஒரு செய்திபோல, கழுத்தைத் திருகிக் கொல்கிறாள். உணர்ச்சி திரும்பி வரும்போது முதலில் வந்து நிற்பது அந்தப் பெண்தான். திரும்ப வரவழைத்ததும் அவள் விருப்பமில்லை. அடைத்துவைத்து வதைத்து, கடைசியில் டேமன் அவள் கண்ணெதிரே மாட்டின் கழுத்தை முறித்துத்தான் வரவழைக்கிறார்கள். அவன் விரலில் மோதிரம் இருந்ததால் பிழைத்துக்கொள்வான் என்பது அப்புறம் தெரிகிறது. அணைக்கச் சொன்னதும் அவர்கள், போடச் சொன்னதும் அவர்கள். நடுவில் செத்த பெண் மட்டும் எலெனாவின் கணக்கில்.

இதே விஷயத்தை இன்னும் நன்றாகச் செய்த தொடர் ஒன்று முன்னாலேயே வந்துவிட்டது. 1997 முதல் 2003 வரை வந்த 'பஃபி தி வாம்பயர் ஸ்லேயர்'. அதில் பஃபி வீட்டுக்கு வந்து, சோபாவில் அம்மா இறந்து கிடப்பதைப் பார்க்கும் எபிசோடு 2001 பிப்ரவரியில் வந்தது. பின்னணி இசையே கிடையாது. காட்டேரி கொல்லவில்லை, மூளையில் ரத்தக்குழாய் வெடித்த சாவு. அவளுடைய பலம் எதற்கும் உதவவில்லை. ஆனால் நான் அதிகம் நினைப்பது அதற்கடுத்த சீசனை. தங்கையைக் காப்பாற்றப் பஃபி உயிரைக் கொடுத்திருக்கிறாள். நண்பர்கள் மந்திரம் போட்டு அவளைத் திரும்பக் கொண்டுவருகிறார்கள், நரகத்திலிருந்து மீட்டதாக நினைத்து. அவளோ நிம்மதியான ஓர் இடத்தில் இருந்தாள். அதைச் சொன்னால் அவர்கள் நொறுங்கிப்போவார்கள் என்று சொல்லாமல் வைத்திருக்கிறாள், நன்றிகூடச் சொல்கிறாள். எங்கள் சித்தியிடம் நானும் பேசாமல்தான் இருந்தேன். எலெனாவுக்கு அந்த அளவுக்கு நுணுக்கமான எழுத்து கிடைக்கவில்லை. வருஷத்துக்கு 22 எபிசோடு, ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு அதிர்ச்சி, அழ நேரமே கிடையாது. ஒருவேளை அதனால்தான் அவள் நிஜமாகத் தெரிகிறாளோ என்னவோ. நமக்கும் லீவு முடிந்து திங்கட்கிழமை ஆபீஸ் இருக்கிறது.

ஆறாம் சீசனுக்கு வருகிறேன், ஏனென்றால் அங்கேதான் எனக்கும் மற்ற ரசிகர்களுக்கும் சண்டை. டேமன் இறந்துவிட்டான் என்று எல்லோரும் நம்புகிறார்கள். எலெனா கல்லூரியில் மருத்துவப் படிப்புக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறாள், அப்பாவைப் போல. வெளியே நன்றாக இருக்கிறாள். முதல் எபிசோடின் அதே சிரிப்பு. உள்ளே, ஒரு மூலிகையைச் சாப்பிட்டு டேமனின் மாயத்தோற்றத்தோடு பேசிக்கொண்டிருக்கிறாள். அந்த மூலிகை ரத்த வெறியைக் கிளப்புகிறது, ஆட்களைக் கடிக்கிறாள். இது சரிவராது என்று தெரிந்ததும், காட்டேரிகளையே வசியம் செய்யக்கூடிய அலாரிக்கிடம் போய், டேமனை நான் காதலித்த நினைவுகளை எடுத்துவிடு என்று கேட்கிறாள்.

அவளே கேட்கிறாள். தெளிவாக, யாருடைய பந்தமும் இல்லாமல். ரசிகர்கள் கொதித்துப்போனார்கள், கோழைத்தனம் என்றார்கள், காதலுக்குத் துரோகம் என்றார்கள். அன்று தம்பிக்குச் செய்ததைத் தனக்கே செய்துகொள்கிறாள், ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை என்றும் சொல்லலாம். நான் அப்படிப் பார்க்கவில்லை. ஆறு வருஷம் எல்லோரும் அவள் சுவிட்சில் கை வைத்தார்கள். ஒரு தடவை அவள் வைத்தாள், அவ்வளவுதான். தப்பான முடிவாகவே இருக்கட்டும். தப்பு செய்ய அவளுக்கு மட்டும் ஏன் அனுமதி இல்லை? அந்த மாத்திரையை என் உள்ளங்கையில் வைத்து, இது தூக்க மாத்திரை, வேண்டுமானால் போட்டுக்கொள் என்று சித்தி சொல்லியிருந்தால் நான் போட்டுக்கொண்டிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். அப்போதும் குங்குமம் கலைந்துதான் போயிருக்கும்.

அந்த சீசன் முடிவில் அவள் மருந்து குடித்து மனுஷியாகிறாள், அழிந்ததெல்லாம் திரும்புகிறது. உடனே இன்னொரு மந்திரம், தோழி பானி உயிரோடு இருக்கும்வரை இவள் தூங்க வேண்டும். நடிகை தொடரைவிட்டுப் போவதால் பெட்டியில் வைத்து மூடிவிட்டார்கள். இரண்டு சீசன் அவளைச் சுற்றியே எல்லோரும் பேசிக்கொள்கிறார்கள், அவள் தூங்குகிறாள். எழுத்தாளர்கள் யோசித்துச் செய்தார்களோ இல்லையோ, பொருத்தமான முடிவு.

கடைசி எபிசோடில் விழிக்கிறாள். டாக்டராகிறாள், வயதாகிறது, நாம் பார்க்காத ஏதோ ஒரு நாளில் சாகிறாள். அருவியில் அவள் கேட்டது அத்தனையும் ஒரு நிமிஷத்தில் சொல்லி முடித்துவிடுகிறார்கள். பிறகு அவள் ஒரு தெருவில் நடந்து வருகிறாள், வீடு தெரிகிறது. கொளுத்திய அதே வீடு, வெள்ளைப் பெயின்ட், தூண்கள், முன்வாசல் ஊஞ்சல் எல்லாம் அப்படியே. வாசலில் அப்பா, அம்மா, ஜென்னா, அப்பாவின் சகோதரன் ஜான். தம்பி அங்கே இல்லை. ஓடிப்போய்க் கட்டிக்கொள்கிறாள், கேமரா பின்வாங்குகிறது.

மூன்று தடவை பார்த்தும் எனக்கு அந்த இடத்தில் ஒரே எண்ணம்தான் வருகிறது. அவள் அம்மாவிடம் அந்த போன் காலைப் பற்றிப் பேசுவாளா? பார்ட்டியிலிருந்து நான் கூப்பிட்டேனே, அன்றைக்கு, என்று ஆரம்பிப்பாளா? ஆரம்பித்தால் அம்மா என்ன சொல்வார்? எங்கள் அம்மாவாக இருந்தால் முதலில், "ஓமத்தண்ணி நல்லாத்தான் இருந்துச்சு, நீ பிரசன்டேஷன் முடிச்சியா?" என்று கேட்பார்.